டைவ் கம்ப்யூட்டரில் தெரியும் 1.4: அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஜே.பி.எஸ். ஹால்டேன் யார்?

ஹைதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகருக்குப் பெயர் தந்தவர் அய்யகாரி சாம்பசிவ ராவ். 1967ல் பக்கத்திலேயே ஈசிஐஎல் நிறுவனத்தை உருவாக்கியவர். டிவி, கம்ப்யூட்டர் என்று அந்த நிறுவனம் பலதும் செய்தது. அணுசக்தித் துறைக்காக அது செய்தவற்றில் முக்கியமான ஒன்று, கதிர்வீச்சை அளக்கும் கருவிகள். கதிர்வீச்சு கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரியாது, தோலுக்கும் தெரியாது. மீட்டர் சொன்னால்தான் உண்டு.

கடலுக்கு அடியில் ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஆக்சிஜனா? அது உயிர் கொடுக்கிற வாயு இல்லையா? உண்மைதான். ஆனால் அதிக அழுத்தத்தில் அளவுக்கு மீறி உள்ளே போனால் அதே ஆக்சிஜன் வலிப்பை வரவழைக்கும். தரையில் வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். 30 மீட்டர் ஆழத்தில் வலிப்பு வந்து, வாயில் இருக்கும் ரெகுலேட்டர் நழுவினால் அடுத்த மூச்சில் உள்ளே போவது தண்ணீர்.

மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் அந்தமானுக்கும், முருடேஸ்வர் பக்கம் நேத்ராணி தீவுக்கும், புதுச்சேரிக்கும் ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் ஹைதராபாத்திலும் சென்னையிலும் இப்போது நிறைய. ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்து, அடுத்து நைட்ராக்ஸ் கோர்ஸ், கூடவே சொந்தமாக ஒரு டைவ் கம்ப்யூட்டர் என்று யோசிக்கிறவர்கள் கடையில் கேட்கிற முதல் கேள்வி, எந்த மாடல் நல்லது என்பதுதான். அதற்கு முன்னால் அந்தக் கருவி எதைக் கணக்குப் போடுகிறது, அந்தக் கணக்கு யாருடைய உடம்பிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அப்பா, மகன் என்று இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள். மகன் கடைசியில் இந்தியக் குடிமகனாகி, ஒடிசாவில் இறந்தார்.

நைட்ராக்ஸ் என்றால் என்ன?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21%. மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சாதாரண ஸ்கூபா சிலிண்டரில் இருப்பதும் இதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. நம் டிவி செய்திகளில் அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை, இருக்கவும் கூடாது.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு பார் கூடும். மேலே 1 பார் என்றால் 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4. அழுத்தம் கூடக்கூட நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரையும். வேகமாக மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடா பாட்டில் மாதிரி அது குமிழியாக வெளியே வரும். மூட்டு வலியில் ஆரம்பித்து பக்கவாதம் வரைக்கும் போகக்கூடிய டிகம்ப்ரஷன் நோய் அதுதான். அதனால்தான் ஒவ்வொரு ஆழத்திலும் இத்தனை நிமிஷம்தான் என்று ஒரு வரம்பு இருக்கிறது.

நைட்ரஜனைக் குறைத்து ஆக்சிஜனைக் கூட்டினால் அந்த வரம்பு நீளும். இதுதான் செறிவூட்டிய காற்று, அதாவது நைட்ராக்ஸ். 32%, 36% என்ற இரண்டு கலவைகள்தான் பரவலாகப் புழங்குபவை. பாடி அமைப்பின் அட்டவணைப்படி 30 மீட்டரில் சாதாரண காற்றுக்கு 20 நிமிஷம். 32% நைட்ராக்ஸுக்கு 30 நிமிஷம். ஹேவ்லாக் தீவுக்குப் போய் ஜானிஸ் கார்ஜில் இறங்குகிறவருக்கு அந்த 10 நிமிஷம் பெரிய விஷயம்.

ஆனா, சும்மா கிடைக்காது. 32% ஆக்சிஜனை 30 மீட்டரில் சுவாசித்தால் உடம்புக்குள் போகும் ஆக்சிஜனின் அழுத்தம் 0.32 பெருக்கல் 4, அதாவது 1.28 பார். 33 மீட்டரைத் தாண்டினால் 1.4 ஆகிவிடும். பொழுதுபோக்கு டைவிங்கில் பொதுவாக அதுதான் எல்லை. 36% என்றால் எல்லை 28 மீட்டரிலேயே வந்துவிடும். நைட்ராக்ஸ் போட்டால் இன்னும் ஆழமாகப் போகலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நிஜம் அதற்கு நேர் எதிர்.

ஆக, நைட்ராக்ஸ் டைவில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று நைட்ரஜனுக்கு, இன்னொன்று ஆக்சிஜனுக்கு. முதல் கடிகாரத்தைச் செய்தவர் அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன். இரண்டாவது கடிகாரம் ஏன் தேவை என்பதைத் தன் முதுகெலும்பில் வாங்கிக்கொண்டவர் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

சுரங்கத்தில் ஒரு பாடம்

ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். வீட்டில் ஜாக் என்று கூப்பிடுவார்கள். அப்பா உடலியல் ஆராய்ச்சியாளர். சுரங்கம், சாக்கடை, கப்பல் என்று மனிதர்கள் கெட்ட காற்றில் வேலை செய்கிற இடமெல்லாம் அவருக்கு ஆய்வுக்கூடம். எலியை வைத்துப் பார்ப்பதைவிடத் தன்னையே வைத்துப் பார்ப்பது மேல் என்று நினைத்தவர். பையனையும் விட்டுவைக்கவில்லை.

ஒருமுறை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் மகனைக் கூட்டிப்போனார். மேற்கூரை ஓரம் மீத்தேன் தேங்கி நிற்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சீசரின் பிணத்துக்கு முன் ஆண்டனி பேசும் வசனத்தை ஒப்பிக்கச் சொன்னார். பையன் சில வரிகளிலேயே மூச்சு வாங்கி, கால் துவண்டு கீழே சரிந்தான். தரையில் கிடந்தபோது மூச்சு சரியாகிவிட்டது. மீத்தேன் காற்றைவிட லேசானது, மேலே மிதக்கும், கீழே இருக்கும் காற்று பரவாயில்லை. அவ்வளவுதான் பாடம். இன்றைக்கு எந்த அப்பாவாவது இப்படிச் செய்தால் குழந்தைகள் நலக் குழு வீட்டுக்கு வந்துவிடும்.

1906ல் ஸ்காட்லாந்தின் ரோத்சே கரையோரம் அப்பா பிரிட்டிஷ் கடற்படைக்காக டைவிங் சோதனைகள் நடத்தினார். 13 வயது ஜாக்கும் உடன் போனான். பெரியவர்களுக்கான டைவிங் உடையை மாட்டி அவனையும் இறக்கினார்கள். அளவு பொருந்தவில்லை. மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்தது. காற்றின் அழுத்தம் தலைக்கவசத்துக்குள் நீர் ஏறாமல் பார்த்துக்கொண்டதால் பையன் பிழைத்து மேலே வந்தான்.

ஆடுகள் சொன்ன கணக்கு

அந்தச் சோதனைகளின் முடிவை 1908ல் அப்பா ஹால்டேன், பாய்காட், டேமன்ட் ஆகிய மூவரும் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். டைவிங் உலகில் அதற்கு முன், அதற்குப் பின் என்று பிரித்துச் சொல்லலாம். லண்டன் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்து, பின் வேகமாக அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் குமிழி வந்துவிட்டது என்று அர்த்தம்.

அதிலிருந்து இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் பொதுவாக ஆபத்து இல்லை. 2 பாரிலிருந்து 1 பாருக்கு வரலாம் என்றால், 6 பாரிலிருந்து 3 பாருக்கும் சட்டென்று வரலாம். அதன்பிறகுதான் நின்று நின்று ஏற வேண்டும். இரண்டாவது, உடம்பு முழுக்க ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்கிக்கொள்வதில்லை. ரத்த ஓட்டம் அதிகமுள்ள பகுதி சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். கொழுப்பு மெதுவாக நிரம்பும், மெதுவாகத்தான் விடும். அதைக் கணக்குப் போட உடம்பை ஐந்து கற்பனை அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பாதி நிரம்ப ஆகும் நேரம் 5 நிமிஷம் முதல் 75 நிமிஷம் வரை என்று வைத்தார்கள்.

இன்றைக்கு உங்கள் மணிக்கட்டில் ஓடுவதும் இந்தக் கணக்கின் வளர்ந்த வடிவம்தான். சூரிச்சில் ஆல்பர்ட் ப்யூல்மன் ஐந்து அறைகளை 16 ஆக்கினார், எல்லைகளைத் திருத்தினார். 1980களில் அதைச் சின்ன கம்ப்யூட்டருக்குள் அடைத்தார்கள். கருவி சில விநாடிக்கு ஒருமுறை ஆழத்தைப் பார்த்து, ஒவ்வொரு அறையும் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. கிரெஸ்ஸி மாதிரி சில நிறுவனங்களின் கையேட்டில் ஹால்டேன் பெயரே இருக்கும்.

இதெல்லாம் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையில் சங்கு குளிக்கிறவர்களில் பலர் படகில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். அட்டவணையும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. 1908லேயே விடை கிடைத்துவிட்ட கேள்விக்கு நம் கடற்கரையில் இன்னும் மூட்டுகள் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இடையில் ஒரு பெரிய வாழ்க்கை

மகன் ஹால்டேன் ஈட்டன் பள்ளியிலும், ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். கணிதத்தில் தொடங்கி, கிரேக்க, லத்தீன் இலக்கியத்தில் பட்டம். அறிவியலில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. முதல் உலகப்போரில் ராணுவ அதிகாரி. 1915ல் ஜெர்மனி குளோரின் வாயுவைப் பயன்படுத்தியபோது, அப்பாவோடு சேர்ந்து அறைக்குள் அதைச் சுவாசித்து, முகமூடிகளைச் சோதித்தார். மெசபொடேமியாவில் காயம்பட்டு, குணமாக அனுப்பப்பட்ட இடம் இந்தியா. அதுதான் அவருக்கு இந்த நாட்டோடு முதல் அறிமுகம்.

பிறகு கேம்பிரிட்ஜ், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபியலையும் கணிதத்தால் இணைத்தவர்களில் ஒருவர் என்பதுதான் அறிவியல் வரலாற்றில் அவருக்கு முதல் அடையாளம். தாலசீமியா மாதிரி ரத்த நோய்கள் மலேரியா உள்ள பகுதிகளில் அதிகம் இருப்பதற்கு மலேரியாவே காரணமாக இருக்கலாம் என்று 1949ல் சொன்னவரும் அவர்தான். இந்தியாவில் இருக்கும் நமக்கு அது அந்நியமான விஷயம் இல்லை.

அரசியலில் கம்யூனிஸ்ட். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அங்கே போய், வான் தாக்குதலிலிருந்து தப்பிப்பது பற்றி குடியரசுத் தரப்புக்கு ஆலோசனை சொன்னார். அந்தத் தொடர்புதான் அவரை மறுபடி அழுத்த அறைக்குள் கொண்டுவந்தது.

தீட்டிஸ்: 99 பேர் இறந்த சோதனை ஓட்டம்

1939 ஜூன் 1. லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்ற புது நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்துக்குப் போனது. உள்ளே 103 பேர். கப்பலைக் கட்டிய தொழிலாளர்களும் அதில் இருந்ததால், வழக்கமாக இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆட்கள். டார்பிடோ குழாய் ஒன்றின் வெளிக்கதவு திறந்திருக்க, உள்கதவையும் திறந்துவிட்டார்கள். குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று காட்ட வேண்டிய சிறு துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. கப்பலின் மூக்கு தரையில் குத்தி நின்றது. பின்பக்கம் தண்ணீருக்கு மேலே தெரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் 4 பேர்தான் வெளியே வந்தார்கள். 99 பேர் உள்ளேயே இறந்தார்கள். அவர்களைக் கொன்றது முக்கியமாக அவர்கள் விட்ட மூச்சில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு.

இறந்த தொழிலாளர்களின் சங்கங்கள் ஹால்டேனிடம் வந்தன. அந்த அறைக்குள் கடைசி மணிநேரங்களில் என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். டைவிங் கருவிகள் செய்யும் ஸீப் கோர்மன் நிறுவனத்தின் இரும்பு அறைக்குள் அவர் போனார். கூட வந்தவர்கள் ஸ்பெயினில் சண்டையிட்டுத் திரும்பிய சர்வதேசப் படை வீரர்கள். மணிக்கணக்கில் அடைந்து கிடந்து, தாங்கள் விட்ட மூச்சையே திரும்பச் சுவாசித்தார்கள். தலைவலி, மூச்சிரைப்பு, வாந்தி. கார்பன் டை ஆக்சைடு ஏறிய நிலையில் தப்பிக்கும் கருவியை மாட்டுவதுகூட எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்தது.

போர் தொடங்கியதும் கடற்படையே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. கேள்விகள் இப்போது பெரிதாகின. மூழ்கிய கப்பலிலிருந்து எத்தனை ஆழம் வரை தப்பிக்கலாம்? குட்டி நீர்மூழ்கிகளில் போகிறவர்கள் எந்த வாயுவை, எவ்வளவு நேரம் சுவாசிக்கலாம்?

ஆக்சிஜன் கையை ஓங்கியபோது

ஹால்டேனும் சக ஆய்வாளர் மார்ட்டின் கேஸும் சேர்ந்து நடத்திய சோதனைகள் 1941ல் கட்டுரையாக வந்தன. அறைக்குள் 10 பார் வரை அழுத்தத்தைக் கூட்டினார்கள். சாதாரண காற்றிலேயே அங்கே மூளை மந்தமாகிவிடும். நைட்ரஜன் மயக்கம், டைவர்கள் பாஷையில் நார்கோசிஸ். அதை எப்படி அளப்பது? கணக்குப் போடச் சொன்னார்கள். இடுக்கியால் சின்ன இரும்புக் குண்டுகளை எடுத்து வைக்கச் சொன்னார்கள். வெளியே எளிதாகச் செய்தவர்கள் உள்ளே தடுமாறினார்கள். முக்கியம் என்னவென்றால், தடுமாறுகிறோம் என்பதே பலருக்கு உறைக்கவில்லை. நைட்ராக்ஸ் போட்டால் இந்த மயக்கம் வராது என்று நம்பிவிடாதீர்கள். ஆக்சிஜனும் இந்த விஷயத்தில் பெரிய உத்தமன் இல்லை.

பிறகு சுத்த ஆக்சிஜன். அழுத்தத்தில் ஆக்சிஜன் வலிப்பு உண்டாக்கும் என்பதை பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர்ட் 1878லேயே விலங்குகளில் காட்டியிருந்தார். மனிதனுக்கு எத்தனை நிமிஷத்தில்? முன்கூட்டியே ஏதாவது தெரியுமா? அதற்கு ஒரே வழி, வலிப்பு வரும்வரை உட்கார்ந்திருப்பது.

உட்கார்ந்தார். அதிக அழுத்தத்தில் ஆக்சிஜனுக்கு ஒரு சுவை உண்டு என்று கண்டுபிடித்தார், இதை அனுபவித்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான் இருப்பார்கள். அடுத்து உதடு துடிக்கும், பிறகு உடம்பே முறுக்கிக்கொள்ளும். அப்படி வந்த ஒரு வலிப்பில் அவரது முதுகெலும்பு நசுங்கியது. வேறொரு சோதனையில் முதுகுத் தண்டில் குமிழி தங்கி, உட்காரும் இடத்தில் வாழ்நாள் முழுக்க வலி இருந்தது. செவிப்பறை கிழிந்தது. அதைப் பற்றிக் கவலைப்படாமல், புகையிலைப் புகையைக் காது வழியாக விட்டு நண்பர்களுக்கு வேடிக்கை காட்டினார்.

அவரோடு உள்ளே போனவர்களில் பின்னாளில் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வே உண்டு. ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் ஹுவான் நெக்ரின் உண்டு. எல்லோரும் தெரிந்தேதான் போனார்கள். ஆனாலும் ஹால்டேனின் ஆளுமைக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்பது இந்தக் கட்டுரையாளருக்குச் சந்தேகமே. இன்றைய மருத்துவ நெறிமுறைக் குழு எதுவும் அந்தச் சோதனைகளுக்குக் கையெழுத்துப் போடாது. அவரைப் புனிதராக்கவும் தேவையில்லை. சோவியத் மரபியலை லைசென்கோ சீரழித்துக்கொண்டிருந்தபோது, உண்மை தெரிந்தும் வெகுநாள் வெளிப்படையாக எதிர்க்காமல் இருந்த மரபியலாளர் இவர்.

1.4 எங்கிருந்து வந்தது?

அந்த எண்ணை ஹால்டேன் எழுதவில்லை. அவரது சோதனைகளுக்குப் பின், 1942 முதல் கென்னத் டொனால்ட் என்ற கடற்படை மருத்துவர் டைவர்களை வைத்து இன்னும் விரிவாகச் சோதித்தார். அவர் கண்டது கொஞ்சம் திகிலானது. ஒருவர் தாங்குவதை இன்னொருவர் தாங்குவதில்லை. அதைவிட, ஒரே ஆள் இன்றைக்குத் தாங்கியதை நாளைக்குத் தாங்குவதில்லை. காய்ந்த அறையில் இருப்பதைவிடத் தண்ணீருக்குள் சீக்கிரம் வலிப்பு வருகிறது. உடம்பை வருத்தி வேலை செய்தால் இன்னும் சீக்கிரம். பல நேரம் முன்னறிவிப்பே இல்லை.

அதனால் எல்லையை உடம்பிடம் கேட்டு வைக்க முடியாது. எல்லோருக்கும் பாதுகாப்பாக இருக்கும் அளவுக்குக் கீழே இறக்கி வைக்க வேண்டும். அமெரிக்காவின் நோவா அமைப்பு 1979ல் தன் டைவிங் கையேட்டில் 32% கலவையைச் சேர்த்தது. அதன் ஆக்சிஜன் வரம்புகளின்படி 1.6 பாரில் ஒரு டைவுக்கு 45 நிமிஷம், 1.4 பாரில் 150 நிமிஷம். பொழுதுபோக்கு டைவிங் 1.4ஐ வேலை செய்யும் எல்லையாகவும், 1.6ஐ அவசரத்துக்கான எல்லையாகவும் எடுத்துக்கொண்டது. சுத்த ஆக்சிஜன் 6 மீட்டரிலேயே 1.6ஐத் தொட்டுவிடும். சிலிண்டரில் ஆக்சிஜன் இருக்கக் கூடாது என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

சரி, எந்த டைவ் கம்ப்யூட்டர்?

இப்போது கடைக்குப் போகலாம். நைட்ராக்ஸ் மோட் இல்லாத டைவ் கம்ப்யூட்டர் இன்றைக்கு அபூர்வம். கேள்வி, அந்த மோட் எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான். சிலிண்டரில் என்ன இருக்கிறது என்பது கருவிக்குத் தெரியாது. நீங்கள் 32 என்று போட்டால் 32 என்று நம்பும். சிலிண்டரில் உண்மையில் 36 இருந்தால் 1.4 எல்லை 33 மீட்டரில் வருவதாகக் காட்டும், நிஜத்தில் நீங்கள் 28லேயே தாண்டியிருப்பீர்கள். ஆகவே ஆக்சிஜன் அனலைசரை நீங்களே பிடித்து, எண்ணை நீங்களே படித்து, கம்ப்யூட்டரில் நீங்களே போட வேண்டும். டைவ் மாஸ்டர் அண்ணா பார்த்துட்டார் என்பது போதாது. சில மாடல்களில் ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் இந்த அமைப்பு தானாக மாறிவிடும். வாங்கும் முன் கையேட்டில் இதைத் தேடிப் படியுங்கள்.

நைட்ரஜன் கணக்கைப் பொறுத்தவரை, ப்யூல்மன் முறையையும் அதில் நாமே மாற்றக்கூடிய கிரேடியன்ட் ஃபேக்டரையும் தரும் கருவியையே நான் பரிந்துரைப்பேன். 40/85 என்று இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண் 85 என்றால், மேற்பரப்புக்கு வரும்போது கணக்கு அனுமதிக்கும் உச்சத்தில் 85% வரைதான் போகலாம் என்று பொருள். எண் குறையக் குறைய ஜாக்கிரதை கூடும். உள்ளே என்ன நடக்கிறது என்று புரியும். சில நிறுவனங்கள் தங்கள் கணக்கை மூடி வைத்து, ஜாக்கிரதை அளவை மட்டும் கூட்டிக் குறைக்க விடுகின்றன. அவையும் பாதுகாப்பானவையே, ஆனால் உங்கள் பார்ட்னரின் கருவி வேறு எண் காட்டும்போது ஏன் என்று புரியாது. அப்படி வேறு எண் காட்டினால் குறைவான நேரம் காட்டும் கருவியைத்தான் இரண்டு பேரும் பின்பற்ற வேண்டும்.

சிஎன்எஸ் சதவீதம் என்று ஒன்று திரையில் ஓடும். அதுதான் ஆக்சிஜன் கடிகாரம், 1.4 பாரில் 150 நிமிஷம் என்ற மாதிரி வரம்புகளில் எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற கணக்கு. நாளைக்கு மூன்று நாலு டைவ் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் வசதி இருந்தால் சௌகரியம், இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. திரை கலங்கிய தண்ணீரிலும் ஒரே பார்வையில் தெரிகிறதா, பேட்டரியைத் தீவில் வைத்து மாற்றவோ சார்ஜ் பண்ணவோ முடியுமா என்பது அதைவிட முக்கியம். வாட்டர் ரெசிஸ்டென்ட் என்று எழுதியிருக்கும் சாதாரண ஸ்மார்ட்வாட்ச் இந்த வேலைக்கு ஆகாது.

வாடகைக் கருவி என்றால் பயணம் முழுக்க ஒரே கருவியையே கேட்டு வாங்குங்கள். காலை டைவில் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் மதியம் கொடுக்கும் வேறு கருவிக்குத் தெரியாது. அப்புறம் விமானம். பல டைவ் போனவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணிநேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டான் அமைப்பின் வழிகாட்டுதல். திங்கள்கிழமை காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்காக ஞாயிறு ராத்திரி ஷம்ஷாபாத்தில் இறங்க டிக்கெட் போட்டிருந்தால், சனிக்கிழமையோடு டைவ் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க ரிலீஸ் பார்த்துவிட்டுத் தூங்காமல் வந்தீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சிரைக்க நீந்துகிறீர்களா என்று எதுவும் கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஆழம், நேரம், நீங்கள் போட்ட சதவீதம். டொனால்ட் பார்த்த அந்த நாளுக்கு நாள் மாறும் உடம்பு, எந்த அல்காரிதத்துக்குள்ளும் இல்லை.

சாக்ஸ் போட்டது போதும்

1956ல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது படையெடுத்ததை எதிர்த்து, 1957ல் ஹால்டேன் ஹெலனோடு இந்தியா வந்தார். அறுபது வருஷம் சாக்ஸ் போட்டது போதும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லிக்கொண்டார். மஹலநோபிஸ் அழைப்பில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டி, குர்தா. சைவச் சாப்பாடு. விலையுயர்ந்த கருவி இல்லாமலே உயிரியல் செய்யலாம் என்று இளைஞர்களிடம் சொன்னார். அங்கே டி.ஏ. டேவிஸ் தென்னை மட்டைகள் இடம் சுற்றா, வலம் சுற்றா என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஹால்டேனுக்கு அது ரொம்பப் பிடித்த வகை ஆராய்ச்சி.

1961ல் இந்தியக் குடியுரிமை பெற்றார். அதே வருஷம் நிறுவனத்தோடு மனஸ்தாபம் வந்து விலகினார். ஒடிசா முதல்வர் பிஜு பட்நாயக்கின் ஆதரவில் புவனேஸ்வரில் மரபியல் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். சீக்கிரமே மலக்குடலில் புற்றுநோய். லண்டனில் அறுவை சிகிச்சை. மருத்துவமனையிலிருந்தபடியே தன் நோயைக் கிண்டல் செய்து ஒரு கவிதை எழுதினார். மற்றவர்கள் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பிபிசிக்காகத் தன் இரங்கல் உரையையும் தானே பேசிப் பதிவு செய்து கொடுத்தார்.

1964 டிசம்பர் 1ஆம் தேதி புவனேஸ்வரில் இறந்தார். உடலை மருத்துவ மாணவர்களின் படிப்புக்குத் தர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். அது ஆந்திராவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரியில் ஒப்படைக்கப்பட்டது. ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து செகந்திராபாத் போய் ராத்திரி ரயிலேறினால், விடிந்ததும் காக்கிநாடா.